ஐந்தாவது கட்டம்

அடிவாரச் சோதனைச் சாவடியில்
ஏறும் வண்டி இறங்கும் வண்டி எல்லாம்
என் பேனாவைத் தாண்டித்தான் போகவேண்டும்.
எண், நேரம், ஆட்கள்,
பிளாஸ்டிக் பாட்டில் உண்டா இல்லையா.
நான்கு கட்டம். ஐந்தாவது கிடையாது.

அந்த ஞாயிறு காலை
வெள்ளைக் காரின் பின் ஜன்னலில்
காதிரண்டும் காற்றில் பறக்க
செம்பழுப்பு நாயொன்று ஏற்காட்டுக்குப் போனது.
புருஷன், பெண்டாட்டி, ஒரு பையன்.
மூன்று என்று எழுதினேன்.
நாயை எங்கே எழுதுவது?

ஆறு மணிக்கு இறங்கியது அதே கார்.
மூன்று பேர்.
பையன் மட்டும் முன்னால் பார்க்கவில்லை.
பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டி
மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"பாட்டில் ஏதும் இருக்கா?" என்றேன்.
"எதையும் மேல போடலீங்க" என்றார் அப்பா.
கம்பியைத் தூக்கிவிட்டேன்.
இந்தக் கைதான்.

மறுநாள் முதல் பஸ் கண்டக்டர் அங்கமுத்து
டீக்கு இறங்கியபோது சொன்னார்:
ஒன்பதாவது கொண்டை ஊசியில் ஒரு நாய்.
வெள்ளைக் கார் வந்தால் எழுந்து
எட்டாவது வளைவு வரை ஓடுகிறது,
திரும்பி வந்து அதே கல்லருகே உட்காருகிறது.
"கடிக்கல, குரைக்கல.
ஒவ்வொரு கண்ணாடியா எட்டிப் பாக்குது, அவ்வளவுதான்."

எனக்குக் கோரிமேட்டில் வாடகை வீடு.
கோழிக்குஞ்சுகூடக் கூடாதென்று
எழுதி வாங்கியிருக்கிறார் ஹவுஸ் ஓனர்.
அந்த வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை.
செய்தேன் என்றால் பொய்.

வளைவில் கொய்யா விற்கும் சடைச்சிதான்
உடைந்த சட்டியின் அடியில் தண்ணீர் வைத்தாள்;
குரங்கு கவிழ்க்காதிருக்க நடுவில் ஒரு கல்.
அங்கமுத்து சொல்லி டிரைவர்
அங்கே வரும் முன்பே ஹாரன் அடித்தார்.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை சுகவனம்,
வெள்ளி பற்றவைத்துப் பற்றவைத்து
புருவம் பாதி கருகின மனிதர்,
ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் வந்து
பத்தடி தள்ளி உட்கார்ந்தார்.
கூப்பிடவில்லை. தொடவில்லை.
தயிர்சாதத்தைப் பிரித்து வைத்துவிட்டு
வேறெங்கோ பார்த்தபடி பீடி குடித்தார்.
மூன்றாம் ஞாயிறு அது சாப்பிட்டது.
நான்காம் ஞாயிறு
ஸ்கூட்டரில் அவர் கால்களுக்கிடையே சுருண்டு
மலையிறங்கிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனது.
ஒரு ஊசி. காதுப் புண்ணுக்கு
வெளியே வாங்கிய மருந்து நூற்றெண்பது.
அதில் அறுபது என்னுடையது.
பெருமைக்கு இல்லை, கணக்குக்குச் சொல்கிறேன்.

அப்புறம்தான்
நோட்டில் ஸ்கேல் வைத்து
இன்னொரு கோடு போட்டேன்.
"இதென்ன கட்டம்?" என்றார் அதிகாரி.
"நாய், சார்."
சிரித்தார். அழிக்கச் சொல்லவில்லை.

ஏறும்போது ஒன்று என்றிருந்தால்
இறங்கும்போது கேட்கிறேன்:
"நாய் எங்கீங்க?"
பாட்டில் கேட்கிற அதே குரல்.

தை மாதம் ஒரு சாம்பல் நிறக் கார்.
கேட்டதும் உள்ளே யாரும் பேசவில்லை.
பிறகு அந்தம்மா, "மறந்துட்டு வந்துட்டோம்."
மறந்துவிட்டு வர, குடையா அது?
நான் சொல்லவில்லை.
கம்பியைத் தூக்காமல் நின்றேன்.
பின்னால் வரிசையாக ஹாரன்கள்.
வண்டி திரும்பி மேலே ஏறியது.
ஒன்பதரைக்கு இறங்கியபோது
மடியில் நனைந்த பொமரேனியன் நடுங்கிக்கொண்டிருந்தது.
வீட்டில் வைத்துக்கொண்டார்களா,
மேட்டூர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டார்களா,
தெரியாது.
என் நோட்டு அடிவாரத்தோடு முடிகிறது.

பட்டறையில் ஆசிட் இருக்கிறதென்று
"ரெண்டு நாள் வச்சுக்கம்மா" எனச் சுகவனம் விட்டுப்போன
செம்பழுப்பன்
ஆறு மாதமாக நசீமாவின்
தட்டுவடை செட் வண்டிக்கடியில் கிடக்கிறான்.
பீட்ரூட் துருவல் விழுந்து முதுகெல்லாம் ரோஸ்.

வெள்ளைக் கார் கடந்தால்
இன்னமும் தலையைத் தூக்குகிறான்.
ஓடுவதில்லை.
தூக்கிய தலையை இறக்க
சற்று நேரமாகிறது.
அதுவரை நசீமா
சட்னி தடவுகிற கையை நிறுத்தி நிற்கிறாள்.